மே 13 முதல் மே 13 வரை

நாயுடுபுரம் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டே
"மருந்தா சார்?" என்றார்.
ஹாலந்து தபால்தலை ஏழு.
பிரித்தால் நான்கு குறுந்தட்டு, ஒரு சின்னப் புத்தகம்:
ஒரு வாத்தியக் குழுவின் இருபத்தாறு வருடம்.

ரேகன் என்றால் அவர்கள் பாஷையில் மழை.
கோடை விழா நோட்டீஸில் ரீகன் என்று அச்சாகி,
அமெரிக்க ஜனாதிபதி மேளம் கொண்டுவருகிறாரா என்று
மூஞ்சிக்கல் டீக்கடையில் என்னிடமே கேட்டார்கள்.

டச்சு எழுத்து புரியவில்லை.
வருடங்களை யாரும் படிக்கலாம்.
71: மீன் கிடங்கில் ஒத்திகை. நாலு ஆண்கள், ஒரே அளவு மீசை.
74: ரேடியோவில் பதினொரு வாரம் ஒரே பாட்டு.
படத்தில் யானெக்கே, வெள்ளை பூட்ஸ்,
கூட்டத்தைப் பார்க்காமல் தன் காலைப் பார்க்கிறாள்.
78: அவள் இல்லை.
80: வேறொருத்தி. அதே பூட்ஸ்.
83: கப்பலில் வாசிக்கிறார்கள், முன்மேசையில் முதுகுகள்,
சூப்புக் கிண்ணங்கள்.
85: யானெக்கே திரும்பிவிட்டாள், செருப்போடு.
87: நம் ஊர்.

டிரம்ஸ் வாசிப்பவன் பெயர் விம்.
பாத்திரம் தேய்க்கும் பொடி என்று சொல்லிக் காட்டினேன்,
டப்பா ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டான்.
பேஸ் கிட்டார் ரூட், வத்தலக்குண்டில் எதையோ தின்று
அரசு ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏறிக்கொண்டிருக்க,
ஊரில் பேஸ் வாசிப்பவன் யார் என்று தேடி
சலேத் மாதா கோவில் கொயருக்கு வந்தார்கள்.
நான்தான்.
ஞாயிறு மட்டும்.
மற்ற ஆறு நாள் மின்வாரியத்தில் லைன்மேன்.

மதியம் மூன்று மணி நேரம் விம்மின் வலது காலையே பார்த்தேன்.
"கால் போகும் இடத்துக்கு நீ போ" என்றான்,
அந்த அளவுக்கு இங்கிலீஷ் இருவருக்கும் தெரியும்.

பிரையண்ட் பூங்கா. பின்னால் டேலியாக்கள்.
மூன்று பாட்டு தப்பில்லாமல் போனது,
ஒரு இடம் தவிர; அதை யானெக்கே மட்டும் கண்டுபிடித்துச் சிரித்தாள்.
நாலாவது, அந்தப் பதினொரு வாரப் பாட்டு.
பாதியில் மழை.
கரண்ட் போனது.
முன்வரிசையில் மங்கி குல்லாவோடு ஏ.ஈ. எழுந்தார்:
"யேய் ஜெர்வாஸ்!"

கிட்டாரைக் கழற்றி யார் கையிலோ கொடுத்தேன்.
டார்ச், ரப்பர் கையுறை, ஏரிச்சாலை டிரான்ஸ்பார்மர்.
ஃபீஸ் கட்டையைப் பிடுங்கினால் கம்பி கருகியிருந்தது.
புதுக் கம்பி சுற்ற எனக்கு நாலு நிமிஷம் போதும்.
சுற்றியாயிற்று.

அப்போதுதான் கேட்டது.
மைக் இல்லை, ஆம்ப் இல்லை.
விம் நிறுத்தவே இல்லை, ஈரத்தோல் மேல் அடிக்கிறான்.
குடைகளுக்கு மேலே அவள் குரல்,
கொஞ்சம் உடைந்து, யாருக்கும் பயப்படாமல்,
எழுபத்திநாலில் இப்படிப் பாடியிருக்க முடியாது.
அறுநூறு பேர் மூச்சு விடவில்லை.
அறுநூறா, இருநூறா, இருட்டில் எனக்கென்ன தெரியும்.

கட்டை என் கையில்.
ஊர் பாதி என் கையில்.
போடவில்லை.
ஆஸ்பத்திரி வேறு லைன், அதை மட்டும் ஒரு தடவை யோசித்தேன்.
அவள் முடிக்கட்டும் என்று
தூறலில் நின்றேன், சட்டைப்பை பீடிக்கட்டு ஊறிப்போக.

புத்தகக் கடைசிப் பக்கம் உறுப்பினர் பட்டியல்.
பேஸ்: ரூட், 71 – 87.
ஜெர்வாஸ், 13.5.87 – 13.5.87.
ரூட், 87 – 97.
கல்லறைத் தோட்டத்தில் பிறந்தன்றே போன பிள்ளைக்குப்
பொறித்த மாதிரி இருக்கிறது என்றாள் மரிய கொரற்றி.
ஆனாலும் எடுத்துக்கொண்டுபோய் அவள் அண்ணனிடம் காட்டினாள்.

நாலாவது தட்டு, ஒன்பதாம் பாட்டு.
யாரோ பேட்டரி டேப்பில் பிடித்தது.
பாதிவரை பேஸ் இருக்கிறது, பிறகு இல்லை.
ஹாலந்தில் ஏன் என்று கேட்பார்களோ என்னவோ.
பாட்டு முடிந்து கைதட்டல்,
ஒரு குழந்தை அழுகிறது,
அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம்,
ஆம்ப்கள் எல்லாம் சேர்ந்து உறுமுகின்றன.
அந்த டக் நான்.

பழுது நீக்கிய நேரம் எட்டு இருபது
என்று ஆபீஸ் பதிவேட்டில் எழுதினேன்.
தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்:
மழை.