மதகுக்காரியின் குறிப்பேடு

லெம்மர் கால்வாயில் பதினாறு வருடமாக
நான்தான் மதகு திறக்கிறேன்.
ஜல்லிப் படகு, தீவனப் படகு,
கோடையில் ஜெர்மன்காரர்களின் பாய்மரங்கள்.
பெயர், நேரம், நீர்மட்டம்,
எல்லாம் நீலப் பேனாவில்.

பித்தப்பையை எடுத்த பிறகும் வலி போகாததால்
அதையும் அதே நோட்டில்
பென்சிலால் எழுத ஆரம்பித்தேன்.

12.05. வறுத்த மீன்.
12.50. வலது விலாவுக்குக் கீழே. முதுகுவரை ஆணி.
12.55. 'நோர்ட்ஸ்டெர்' காத்திருந்தது. குனிந்தபடியே திறந்தேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை.
ரத்தத்தில் ஒன்றும் இல்லை.
"தூக்கமெல்லாம் சரியா, சீட்ஸ்கே?"
பித்து என்று சொல்லாமல் சொன்னார்கள்.
இருந்தது பித்தம்.
தலைக்கு ஏறவில்லை அது,
கீழே இறங்கத்தான் வழியில்லை.

கோடீன் கொடுத்தார்கள்.
விழுங்கிய இரவு வலி இரட்டித்தது.
"வலி மாத்திரை வலியைக் கூட்டுமா?"
வீபேயும் என்னை அப்படிப் பார்த்தான்,
கட்டிய கணவன்.
அந்தப் பார்வையையும் எழுதினேன். பென்சிலில்.

குரோனிங்கனில் டாக்டர் ஹில்லெகோண்டா
நோட்டைக் கேட்டு வாங்கினார்,
படகுகளையும் சேர்த்தே படித்தார்.
கோடீன் வரியில் அவர் விரல் நின்றது.
காகிதத்தைத் திருப்பி வரைந்தார்:
ஈரலிலிருந்து ஒரு வாய்க்கால்,
கணையத்திலிருந்து ஒன்று,
இரண்டும் குடலில் விழும் வாசலில்
சுண்டுவிரல் நகமளவு ஒரு சுருக்குத்தசை.
ஓடி என்பது அதன் பெயர்.
ஓடவிடாததும் அதுதான்.
"கோடீன் அதை இன்னும் இறுக்கும்" என்றார்.
"கதவு உடையவில்லை.
திறக்கவேண்டிய நேரத்தில் மூடிக்கொள்கிறது."

எனக்கா விளக்கவேண்டும்?
பின்னால் தண்ணீர் ஏறினால்
கரை படும் பாடு எனக்குத் தெரியாதா?
கார் நிறுத்துமிடத்தில் அழுதேன்,
பெயர் இருக்கிறது என்பதற்காக.

வெட்டித் திறக்கலாமாம்.
வெட்டினால் தீருமா என்று மட்டும் தெரியாதாம்,
அதற்காகவே ஓர் ஆய்வு:
பாதிப் பேருக்கு வெட்டு,
மீதிப் பேருக்குக் குழாய் போய்ச் சும்மா திரும்பும்.
யாருக்கு எதுவென்று சொல்லமாட்டார்கள்.
கையெழுத்துப் போட்டேன்.
கணையம் வீங்கி ஐந்து நாள்
ஊசிமருந்தில் கிடந்தேன்.
அப்புறம்
பதினோரு மாதம் பென்சில் முனை மழுங்கவில்லை.
பாலாடைக்கட்டி தின்றேன்.
நாத்தனார் கல்யாணத்தில் வாத்துக்கறி,
இரண்டாம் தட்டும்.

கடிதம் மார்ச்சில் வந்தது.
நீங்கள் வெட்டப்படாத குழுவில் இருந்தீர்கள்.

அப்படியானால் அவர்கள் சொன்னதுதானா?
தூக்கம், தலை, அந்தப் பார்வை?
போனில் டாக்டர் வெகுநேரம் பேசவில்லை.
"எங்களுக்கும் முழுதாகப் புரியவில்லை.
உங்கள் வலி பொய்யில்லை,
அதுமட்டும் தெரியும்."

மூன்று இரவு விழித்திருந்தேன்,
தாமதமாகிற படகுக்குக் காத்திருப்பதுபோல.
நாலாம் இரவு வந்தது. சின்னதாக.
2.10.
வீபே எழுந்து விளக்குப் போட்டான்.
"மீனா?"
"கடிதம்."
படுக்கையில் உட்கார்ந்தபடி இருமுறை படித்தான்.
ஒன்றும் சொல்லாமல்
வெந்நீர்ப்பையை நிரப்பப் போனான்.

6.40-க்கு 'நோர்ட்ஸ்டெர்' ஹாரன் அடித்தது.
நீலப் பேனா எங்கே போயிற்றோ,
தேட நேரமில்லை.
அன்றைய படகுகள் எல்லாம்
பென்சிலில்தான் இருக்கின்றன.