நாற்பத்தொரு நாள்

ஐஸ் பக்டரிக் கணக்குக் கொப்பியில்
ஆவணி பதினாறு வரை என் கையெழுத்து.
பிறகு யாருடையதோ ஒரு சாய்ந்த எழுத்து
தை மாதம் மட்டும் ஓடுகிறது.
அதற்குள்ளே நாற்பத்தொரு நாள்
எனக்கே இல்லை.

குருநகர்க் கரைக்கு எத்தனை வள்ளம் வந்தது,
எத்தனை கட்டி ஐஸ் போனது,
யார் கடன், எவர் கைக்காசு,
எல்லாம் பதிந்திருக்கிறது.

மிச்சத்தை மற்றவர்கள் சொல்கிறார்கள்.
பெரியாஸ்பத்திரிக் கட்டில் கம்பியோடு
என் கைகளைக் கட்டியிருந்தார்களாம்.
கடலை நிப்பாட்டுங்கோ என்று கத்தினேனாம்.
தாதி ஒருத்தியின் மணிக்கட்டைக் கடித்தேனாம்.
அவள் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறேன்.
மூன்று தரம் கேக் பெட்டியோடு
வாட்டு வாசல் வரை போய்த் திரும்பினேன்.
மூன்று கேக்கையும் பஸ் நிலையத்தில் நின்று
நானே தின்றேன்.
ஸ்ரெறொயிட் பசி அப்படி.

முதுகில் எடுத்த நீர் கொழும்புக்குப் போய்
ஒரு பெயரோடு திரும்பி வந்தது.
அதற்கு முன்னம்
அயலட்டை வைத்திருந்த பெயர் வேறு.

டொக்டர் படம் கீறிக் காட்டினார்:
"உடம்பைக் காக்க நிக்கிறவை
தங்கட ஆக்களையே எதிரியெண்டு நினைச்சு..."
பாதியில் பேனையை மூடினார்.
இந்த ஊரில் அந்த வசனத்தை
யாரும் முடிக்கத் தேவையில்லை.

இப்போது வீக்கம் வற்றிவிட்டது. ஸ்கான் துப்புரவு.
பூசை முடிந்து வெளியே வந்தால்
"முகத்தில களை வந்திட்டுது, பிள்ளை."
ஓம், ஓம் என்கிறேன்.
கிளினிக் சீட்டில் மனநிலை என்றொரு கட்டம்.
பரவாயில்லை என்று எழுத
கைக்குப் பழக்கி வைத்திருக்கிறேன்.

ஓர் இரவு நித்திரை வராவிட்டால்
மற்றவர்கள் புரண்டு படுப்பார்கள்.
நான் எழும்பி உட்கார்ந்து
அன்றும் இப்படித்தானே தொடங்கியது என்று
விரல் மடிக்கிறேன்.
மீன்காரனோடு குரல் உயர்ந்தால்
உடனே தாழ்த்திக்கொண்டு
எனக்குள்ளே குனிந்து பார்க்கிறேன்,
எங்கேயாவது புகைகிறதா என்று.
கனக்கச் சிரித்துவிட்டாலும் பயம்தான்.
நேற்று அகப்பை என்ற சொல் வரவில்லை.
"அந்த... சோறு போடுறது" என்றேன்.
எல்லாருக்கும் நடக்கிறதுதானே என்றார் றெஜினோல்ட்.
எல்லாருக்கும் நடக்கிறது
எனக்கும் சும்மா நடக்கலாமா இனி?

அக்கா மெற்றில்டா
அறை வாசலில் நின்று
"நான்தான், மெற்றில்டா" என்பாள்.
தேத்தண்ணி ஆறினாலும்
நான் "ம்" சொல்லும்வரை உள்ளே வரமாட்டாள்.
ஏனென்று மாதக்கணக்காய் விளங்கவில்லை.
றெஜினோல்ட்தான் ஒருநாள் வாய்தவறினார்:
அக்காவின் முகத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாய்,
அவளை எங்கே தாட்டாய் என்று
அவளிடமே கேட்டாயாம்.
பத்தொன்பது நாள் கேட்டாயாம்.

நான் இல்லாத நேரம்
என் வாய் பேசியதற்கு
எந்த வாயால் மன்னிப்புக் கேட்பது?

போன சனி, ஓரா மீன்.
முள்ளை வெட்டாமல் தொட்டியில் போட்டுவிட்டேன்.
குசினிக்குள் மெற்றில்டா
பெயர் சொல்லாமல் புகுந்து
தொட்டிக்குள் கை வைத்தாள்.
விரலில் இரத்தம்.
"கண்ணை எங்க வைச்சிருக்கிறாய், மூதேசி?"
நானும் விடவில்லை.
அம்மாவின் சங்கிலி வரைக்கும் போனது சண்டை.
ஒரு சட்டியை எறிந்தேன்.

அது உருண்டு, சுழன்று, ஓயும்வரை
இரண்டு பேரும் அசையவில்லை.
அவள் என் கண்ணைப் பார்த்தாள்.
நான் என் கையைப் பார்த்தேன்.

பிறகு விரலைச் சூப்பிக்கொண்டு சொன்னாள்:
"நீ சின்னனிலயிருந்தே இப்பிடித்தான்.
கடுக்குது. சுடுதண்ணி வை."

வைத்தேன்.
கேத்தில் கொதிக்கிற மட்டும்
சங்கிலிக் கதையை அவள் நிறுத்தவில்லை.