நாலு நிரல்

காலை ஏழே முக்காலுக்குப் பூட்டு ரெண்டும் திறக்கும்.
ஒரு சாவி பொலிசிடம், மற்றது கொம்பனியிடம்.
கொம்பனிச் சாவி என் கழுத்தில், சிவப்பு நூலில்.
தாலிக்கொடி செங்கலடி வங்கியில் அடகு கிடப்பதால்
கழுத்தில் இடம் இருந்தது.

உன்னிச்சைக்கு மேற்கே இந்த மலையை
மூன்று வருடமாகத் தின்கிறோம்,
றோட்டுக்கு, மதகுக்கு,
கல்முனைப் பக்கம் எழும்பும் மாடிகளுக்கு.
களஞ்சியம் என்பது ஒரு கொங்கிறீட் அறை.
சுற்றிவர மண் அணை, மேலே இடிதாங்கி,
வாசலில் நெருப்புப்பெட்டியைப் போட்டுவிட்டு வர ஒரு வாளி.
கோணாமலையின் பீடிக்கட்டு எப்போதும் அதில்தான்.

ஜெலிக்னைட் குச்சிகள் மெழுகுத்தாளில்,
காத்தான்குடித் தொதல் மாதிரி.
மணந்தால் பின்னேரம்வரை தலையிடிக்கும்.
அமோனியம் நைத்திரேற்று மூடைகள் மரத்தட்டில்.
யூரியா ஒரு பை சைக்கிளில் கட்டி வந்ததற்காக
என் மாமன் நாலு நாள் உள்ளே கிடந்தார், அப்போது.
இப்போது மூடை மூடையாய், முத்திரை குத்தி,
பொலிஸ் காவலோடு வந்து இறங்குது.
கெப்புகளுக்கு வேறு அறை.
சின்னவிரல் நீளம், வெள்ளி நிறம்.
குச்சியும் கெப்பும் ஓரிடத்தில் உறங்கக்கூடாது,
அது சட்டம்.

என் வேலை எண்ணுவது.
வந்தது. கொடுத்தது. வெடித்தது. திரும்பியது.
அடியில் ஜயதிஸ்ஸவின் ஒப்பம், பக்கத்தில் என்னுடையது.
அவர் சிங்களத்தில் கூட்டுவார், நான் தமிழில்.
ஒரு கெப்பு குறைந்தால்
கடலில் மீன் செத்து மிதக்கும் என்பார்.
அதுக்கு மேலும் ஒன்று சொல்ல வருவார்,
என்னைப் பார்த்துவிட்டுச் சொல்ல மாட்டார்.

நேற்றுப் பதினாலு குழி.
உதுமாலெவ்வை பதினாலு கெப்பு எண்ணி வாங்கிப்போனான்.
சங்கு ஊதியது.
மறித்த பஸ்ஸில் ஒரு பெண்
குழந்தையின் காதைப் பொத்தினாள், தன் காதை விட்டுவிட்டாள்.
மயில்கள் வழமைபோல முந்திக் கத்தின.

ஏழு. எட்டு. ஒன்பதும் பத்தும் ஒட்டி.
பன்னிரண்டுக்குக் கூரைத் தகரம் அதிர்ந்தது.
பதின்மூன்று.

தூசி இறங்கியது.
லொறியின் கண்ணாடியில், தேத்தண்ணிக் கோப்பையில்,
என் இமையில்.

பதின்மூன்று.

"எத்தினை கா?" என்றான் உதுமாலெவ்வை.
விரல்களை மடித்து எண்ணியபடியே வந்திருந்தான்.
ஒரு விரல் நிமிர்ந்து நின்றது.

இருட்டுப்படும்வரை காத்திருந்தோம்.
யாரோ ஒருவனின் ஆடு மட்டும்
புதுக்கல்லில் ஏறி நின்று எங்களைப் பார்த்தது.
விடியுமுன் ஒருத்தரும் கிட்டப் போறதில்லை என்று முடிவாயிற்று.

பதிவேடு விரிந்து கிடக்கிறது.
கொடுத்தது பதினாலு. வெடித்தது பதின்மூன்று. திரும்பியது சைபர்.
"வெடித்தது எண்டு போடுங்கோ,
நாளைக்கு வெடிக்கும்தானே" என்கிறார் ஜயதிஸ்ஸ.
"திரும்பினது எண்டு போடுங்க,
விடிய நான் எடுத்துத் தந்தாப்போல" என்கிறான் உதுமாலெவ்வை.

இந்தக் கேள்வியை என்னிடம் முன்னமும் கேட்டிருக்கிறார்கள்,
மட்டக்களப்புக் கச்சேரியில் மூன்று தரம்,
வேறு படிவத்தோடு.
ரெண்டே ரெண்டு பெட்டி.
ஏதாவது ஒன்றில் சரி போடம்மா, காசு வரும்,
பிள்ளைகளுக்கும் ஒரு வழி பிறக்கும்.
எழுதுவினைஞர் நல்ல பொடியன்.
தன் பேனையைத்தான் தந்தான்.
மூடியே திருப்பிக் கொடுத்தேன்.

அடிமட்டத்தை எடுத்தேன்.
திரும்பியதற்கு அப்பால்,
தாளின் ஓரத்தில் மிஞ்சிய இடத்தில்
இன்னொரு கோடு இழுத்தேன்.
உள்ளே ஒன்று என்று எழுதினேன்.
தலைப்பு என்ன என்றார் ஜயதிஸ்ஸ.
தெரியாது என்றேன்.
சிங்களத்தில் ஏதும் இருக்கா என்று கேட்டேன்.
கன நேரம் யோசித்தார்.
பிறகு ஒப்பம் வைத்தார்.

வெளியே கோணாமலை
கொடியை நட்டுப் பாயை விரித்துக்கொண்டிருந்தான்.
பீடி வாளிக்குள்ளேயே.
"யானை வந்தா என்ன செய்வாய்?" என்றேன்.
"வெடி கொளுத்தேலாதே கா, இண்டைக்கு" என்றான்.
"எழும்பி ஓடுறதுதான்."