பேனாக் கோடு

ஷட்டரில் வால் சிக்கிய பூனையை
விடுவித்தேன்; கடித்தது.
இரண்டே புள்ளி. ரத்தம்கூட இல்லை.
குழாயில் ஒரு விநாடி காட்டிவிட்டு
காஜா எடுக்க உட்கார்ந்தேன்.
தாராவியில் ஆர்டர் காத்திருக்காது.

காலையில் கட்டைவிரல்
விண்விண்ணென்று வீங்கி
ஊசி பிடிக்க மடங்கவில்லை.

சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் கானோல்கர்
சிவப்பின் ஓரமாக
நீலப் பேனாவால் கோடு போட்டார்.
“பூனைப்பல் உன் ஊசி மாதிரி.
ஆழத்தில் விட்டுவிட்டு மேலே மூடிக்கொள்ளும்.
சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம்
கழுவியிருக்க வேண்டும்.”
மாத்திரை. நாய்க்கடிக்குப் போடும் அதே ஊசி.
“கோட்டைத் தாண்டினால்
ராத்திரியானாலும் வா.”

தாண்டியது.
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்:
மணிக்கட்டை நோக்கி ஒரு சிவப்பு நூல்,
உள்ளிருந்து யாரோ
தைத்துக்கொண்டு வருவதுபோல.

கிளம்பினேன்.
ஷட்டரை இறக்குமுன் குனிந்து பார்த்தேன்,
வால் இருக்கிறதா என்று.