அபி

கச்சேரியில் சுருக்குவலைக் கூட்டம்.
இரண்டு மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றியது.
அதிகாரி சிங்களத்தில் தொடங்கினார்:
"அபி இந்தக் கடலைக் காப்பாற்ற வேண்டும்."

அபி.
இரண்டே எழுத்து.
மொழிபெயர்க்கிற எனக்கு இரண்டு கதவு.

நாங்கள் என்றால்
சல்லிக் கோணாமலையும் கிண்ணியா ஜுனைதீனும்
வாசலுக்கு வெளியே, வலையோடு.
நாம் என்றால்
அவர் கூப்பிடாதவர்களுக்கு
நான் கதிரை இழுத்துப் போட்டதாகும்.

அவர் மொழிக்கு இந்தக் கரைச்சல் இல்லை.
எங்கள் இலக்கணம்தான்
கேட்கிறவன் உள்ளேயா வெளியேயா
என்று தீர்க்காமல் வாயைத் திறக்க விடாது.
(வீட்டில் எனக்கும் எல்லாமே நாங்கள்தான்.
சம்பளத்துக்குத்தான் இந்தக் கவனம்.)

ஜன்னலுக்கு அப்பால் உட்துறைமுகம்,
எண்ணெய் மினுங்கிய தண்ணீர்.
"நாம்" என்றேன்.

ஜுனைதீன் எழும்பினார்.
"நாம எண்டா நல்லம் சேர்.
அப்ப போன கிழமை பிடிச்ச எஞ்சினை
நாம எப்ப எடுக்கிற?"

சிங்களத்தில் சொன்னேன்.
வேறு சொல் ஏது? அபி.

அதிகாரி பேனாவை மூடினார்.
முதன்முறையாக என்னைப் பார்த்து,
"அபி என்றால்?
யார் யார்?"