புறமுதுகு

நீடாமங்கலம் கேட் போட்டு
இருபது நிமிடம் ஆகிறது.
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி
முன்னே ஒரு முழம், பின்னே ஒரு முழம்.
கும்பகோணம் போகும் கடைசிப் பேருந்தின் ஓட்டுநர்
இன்ஜினை அணைத்துவிட்டுத் தீப்பெட்டி தேடுகிறார்.

பின் இருக்கையிலிருந்து மூன்று பெண்கள் இறங்குகிறார்கள்.
எதற்கென்று கேட்க வேண்டியதில்லை.
கருவை மண்டிய வாய்க்கால் ஓரம்.
கம்பத்தில் விளக்கு இருக்கிறது, எரியவில்லை.
நானும் இறங்கினேன்.
அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
சாலையைப் பார்த்து நின்றேன்.

பழக்கம்.

பதினோரு மாதம் வேறொரு நாட்டில்
நீலத் தொப்பி போட்டுக்கொண்டு
இப்படித்தான் நின்றேன்.
முகாமிலிருந்து விறகுக்கு நாலு மைல்.
ஆண்கள் போனால் கொன்றுவிடுவார்கள்,
பெண்கள் போனால் கொல்ல மாட்டார்கள்
என்று நியாகிம் சொன்னாள்,
அரிசி விலை சொல்வது போல.
மூன்று மகள்களில் யாரை அனுப்புவது என்று
தினமும் விடியலில் அவள் போட்ட கணக்கு அது.

முதல் மாதம் எங்களோடு ஒருத்தியும் வரவில்லை.
அவர்கள் பயந்த சீருடையும் எங்கள் சீருடையும்
தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நிறம்.
இதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.
கூலி உயர்வு கேட்ட வருடம்
எங்கள் தெருவுக்கு ராத்திரியில் வேன் வந்தது.
ஆண்கள் சம்பா வயலுக்குள் ஓடினார்கள்.
பெண்கள் பதினான்கு பேர்
மாரிக்கண்ணு அக்கா வீட்டில் ஒன்றாய்ப் படுத்தார்கள்,
கதவுக்குப் பின்னால் உலக்கை,
தலைமாட்டில் மிளகாய்த்தூள்.
எனக்கு ஐந்து வயது.
என் வாயைப் பொத்தியிருந்த அம்மாவின் கையில்
நாற்றங்கால் சேறு மணத்தது.
அதே காக்கிக்கு நான் விண்ணப்பம் போட்டபோது
அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இரண்டாம் மாதம்
முகாம் கழிப்பறைகளுக்கு
உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டோம்.
எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று
அவர்களையே கேட்டோம்.
நியாகிம் வந்தாள்.
அவளுக்குப் பின்னால் அறுபத்தொரு கோடாலிகள்.
அவர்கள் வெட்டினார்கள், கட்டினார்கள், சண்டை போட்டார்கள்.
ஒரு முகமும் நான் பார்க்கவில்லை,
சத்தம் மட்டும்தான் தெரியும்.
என் கண்ணெல்லாம் புதர் மேல்.

பதிவேட்டில் தினமும் ஒரே வரி:
புறப்பட்டோர் அறுபத்திரண்டு, திரும்பியோர் அறுபத்திரண்டு,
ஒன்றும் நடக்கவில்லை.
தலைமையகத்திலிருந்து வந்தவர் பக்கம் பக்கமாய்ப் புரட்டி
எழுத வேறெதுவும் இல்லையா என்றார்.
எங்கள் பாக்கியசெல்வி
அவருக்குக் கேட்கும்படியாகவே சிரித்தாள்.

மார்ச் பதினேழு.
டீசல் இல்லை, ரோந்து ரத்து.
அன்றும் அடுப்பு எரிய வேண்டுமே.
புறப்பட்டோர்: பதினொன்று.
அடுத்த கட்டத்தை நிரப்பாமல்
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
பிறகு அந்தப் பக்கத்தை நகலெடுத்து
ரத்துக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு அனுப்பினேன்,
பெறப்பட்டது என்று எழுதி வாங்கும்வரை
அவர் மேசை முன்னால் நின்றேன்.
மறுநாள் டீசல் வந்தது.
மறுநாள்.

எங்கள் பாஷையில்
முதுகு காட்டுவதற்குக் கேவலமான பெயர் உண்டு.
மார்பில் வாங்கியவனுக்குத்தான் கல் நட்டார்கள்.
வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் என் படத்திலும்
மார்பில்தான் பதக்கம்.
நியாகிமைக் கேட்டால்
என் முதுகைத்தான் அடையாளம் சொல்வாள்,
வியர்வையில் உப்புப் பூத்த சட்டையை,
வலது தோளில் விட்டுப்போன தையலை.

கூஸ்ட் விட்டது போல ஒரு நீள விசில்.
கேட் தூக்குகிறார்கள்.
ஈரக் காலோடு ஓடிவந்த பெண்களில் ஒருத்தி
படியில் நின்று என்னைப் பார்க்கிறாள்:
'யாரையாச்சும் தேடுறியளா?'
'இல்லக்கா. சும்மா.'

இறங்கியது மூன்று, ஏறியது மூன்று.
டிக்கெட்டின் பின்னால்
எரியாத கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.