பூஜ்ய முனை

குற்றச்சாட்டு இரண்டு:
'உடந்தையாக இருந்தமை.'
மஞ்சக்குப்பத்தில், மின்விசிறி காகிதங்களைத் தூக்கும் அறையில்
பதினேழு-பி குறிப்பாணையைக் கையெழுத்திட்டு வாங்கினேன்.
அஞ்சலாட்சி, பணி ஆய்வாளர். சரிதான்.
அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

பணம் வாங்கவில்லை என்று முதலில் எழுதினேன்.
உண்மை.
தெய்வசிகாமணி சார் பங்கு தரவில்லை,
நான் கேட்கவும் இல்லை.
கம்மியம்பேட்டைப் பாலத்தடியில் ஒரு டீ, அதற்கும்
அவர் மறந்துபோக, நானே காசு கொடுத்தேன்.

அளவு நாடாவுக்கு இரண்டு முனை.
பூஜ்யம் இருந்த முனை என்னிடம்.
கெடிலத்துக் கரையில், நாணல் அறுத்த கூர் செருப்பைக் குத்த,
குனிந்து கல்லோடு சேர்த்துப் பிடித்திருந்தேன்.
அவர் நின்ற இடத்தில் தடுப்புச்சுவர் முடிந்திருந்தது.
அதற்கப்பால் வேலிக்காத்தான், ஓர் எருமை.
'முந்நூற்று நாற்பது' என்று உரக்கச் சொல்லி
எம்-புக்கில் எழுதினார்.
நாடா முப்பது மீட்டர். ஏழு தடவை நகர்ந்தோம்.
ஏழு முப்பது எவ்வளவு என்று
எனக்குத் தெரியாதா?

காற்றில் சரியாகக் கேட்கவில்லை:
இப்படி ஒரு வரி எழுதி, அடித்தேன்.
மேலதிகாரி சொன்னார்: அதையும் அடித்தேன்.
என் முனையில் பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது
என்று எழுதிப் பார்த்தேன்.
அழகாக இருந்தது.
கிழித்துவிட்டேன்.

ஐப்பசியில் ஆறு
சுவர் இல்லாத நூற்று முப்பது மீட்டரை
யாரையும் விசாரிக்காமல் கண்டுபிடித்தது.
தெருவில் இடுப்பளவு.
சகாயமேரி தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்றிவைத்தாளாம்,
கட்டிலும் மூழ்கிவிட்டது.
இது குறிப்பாணையில் இல்லை.

நேற்று மறு அளவு.
விசாரணை அலுவலர் குடையோடு நின்றார்.
புதிதாக வந்த பையன், வழக்கப்படி
வளையம் உள்ள முனையை என் பக்கம் நீட்டினான்.
'புடிங்க மேடம்.'
'அத நீ புடி' என்றேன்.
பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தேன்.
ஏழாவது நகர்வில் சுவர் முடிந்தது.
இருநூற்றுப் பத்து.
அக்கரைவரை கேட்கும்படி சொன்னேன்.
சொல்லிவிட்டு, இவ்வளவு சின்ன வேலையா இது
என்று இருந்தது.

'அன்றைக்கும் இதே அளவுதானா?'
'ஆமாம்.'
'அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா?'
எருமை அதே இடத்தில், அல்லது
வேறு எருமை.

'தெரியும்.'

அவர் எழுதி முடிக்கும்வரை
நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.
ஈர மண் விரலெல்லாம் ஒட்டியது.